தொடையில ஆஞ்சியோ பண்ணிட்டு வந்தவங்களை எப்படி படுக்க வெக்கணும், எப்படி பார்த்துக்கணும்

ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு பார்க்குற சோதனை, அதை முடிச்சு ட்ராலில தள்ளிட்டு வந்து பெட்ல மாத்துறப்ப சிஸ்டர் ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிடுவாங்க, "காலை மடக்கக் கூடாது, எழுந்துக்கக் கூடாது, நாங்க சொல்ற வரைக்கும் இப்படியே படுத்திருங்க"ன்னு. அதோட கூட வந்தவங்களுக்கு பயம் பிடிச்சிடும், பேஷண்ட் கையை நீட்டி மூக்கை சொறிஞ்சா கூட "அசையாத, அசையாத"ன்னு அதட்ட ஆரம்பிச்சிடுவாங்க. நான் வட சென்னையில இருதய வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்னு சுத்துப்பட்டு ஜனங்களைத்தான் தினமும் பார்க்குறேன், இதை ஒவ்வொரு பெட்டுக்கும் நின்னு நிதானமா சொல்ல நேரம் கிடைக்கிறதில்ல, அதனாலதான் எழுதி வெக்கிறேன்.

முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். செய்யக் கூடாதது மூணுதான். ஆஞ்சியோவுக்கு ஊசி குத்துன பக்கத்து இடுப்பு மடங்கக் கூடாது, அந்தப் பக்கத்து முட்டி மடங்கக் கூடாது, தலையை தம் கட்டி தூக்கக் கூடாது. மத்த உடம்பையெல்லாம் வசதியா வெச்சுக்கலாம், வெச்சுக்கணும். ஏன் வெச்சுக்கணும்னு அழுத்திச் சொல்றேன்னா, முதுகு வலியை பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கிட்டே இருக்குற ஆள்தான் நாலாவது மணி நேரத்துல "போதும்பா"ன்னு சடக்குனு எழுந்து உக்காருவாரு, கட்டுக்கு கீழ ரத்தம் கசியறது பெரும்பாலும் அப்பதான். பேஷண்ட்டை வசதியா வெச்சுக்கிட்டாலே பாதி ஆபத்து போயிடும்.

இன்னொண்ணு, ஸ்டான்லியோ, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியோ, தனியாரோ எங்க பண்ணாலும் உங்க டாக்டரும் அங்க இருக்குற சிஸ்டரும் சொல்ற நேரக் கணக்குதான் கணக்கு. நான் எழுதுறதுக்கும் அவங்க சொல்றதுக்கும் வித்தியாசம் இருந்தா அவங்க சொல்றதைத்தான் கேக்கணும், ஏன்னா அந்த பேஷண்ட்டுக்கு எவ்ளோ பெரிய குழாய் போட்டாங்க, ரத்தம் உறையாம இருக்க கொடுக்குற ஹெப்பாரின் மருந்து எவ்ளோ போச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

உள்ள என்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சா எதுக்கு இவ்ளோ கட்டுப்பாடுன்னு புரியும்

தொடை இடுக்குல கையை வெச்சு அழுத்திப் பாருங்க, துடிப்பு தெரியும். அதுதான் காலுக்குப் போற பெரிய ரத்தக் குழாய். அதுல ஊசியால குத்தி, கம்பி விட்டு, அந்தக் கம்பி மேல ஷீத்னு சொல்ற சின்ன பிளாஸ்டிக் குழாயை ஏத்தி, அது வழியாத்தான் கதீட்டர்னு சொல்ற நீளமான மெல்லிசு குழாய் இதயம் வரைக்கும் போகுது. இந்த முறையை 1953ல சுவீடன்ல செல்டிங்கர்னு ஒரு டாக்டர் எழுதினாரு, இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அதேதான். ஷீத் சைஸை பிரெஞ்சுன்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, 1 பிரெஞ்சுன்னா ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு, ஆஞ்சியோவுக்கு வழக்கமா போடுற 6 பிரெஞ்சு ஷீத்தோட உள் அகலம் 2 மில்லிமீட்டர். கேக்க சின்னதாத்தான் இருக்கும், ஆனா ஒவ்வொரு துடிப்புக்கும் முழு பிரஷரோட ரத்தம் ஓடுற குழாயில 2 மில்லிமீட்டருக்கும் பெரிய ஓட்டைன்றது சாதாரணம் கிடையாது.

ஷீத்தை உருவுனதும் 15, 20 நிமிஷம் கையால அழுத்திப் பிடிப்பாங்க. ரத்தம் அங்க உறைஞ்சு பால் மேல ஏடு படியற மாதிரி ஓட்டையை மூடிக்கும். அந்த ஏடு கெட்டியாகுறதுக்குத்தான் இந்த படுக்கை. இடுப்பை மடக்கினா சரியா அந்த இடம்தான் மடங்கும், தம் கட்டினா வயித்துக்குள்ள அழுத்தம் ஏறி அந்த இடத்தைத்தான் தள்ளும். வெறும் ஆஞ்சியோன்னா நிறைய இடத்துல 4லருந்து 6 மணி நேரம் படுக்கச் சொல்லுவாங்க. ஓட்டையை அடைக்கிற தனி சாதனம் வெச்சு மூடியிருந்தா அதை விட சீக்கிரமே எழுப்பிடுவாங்க. அடைப்பை விரிச்சுப் பிடிக்க ஸ்டென்ட்னு சொல்ற சின்ன வலைக் குழாயை வெச்சிருந்தா ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் நிறைய கொடுத்திருப்பாங்க, அது இறங்குற வரைக்கும் ஷீத்தை உள்ளயே விட்டு வெச்சு அப்புறமா எடுக்கிறதும் உண்டு, அப்படின்னா ஷீத் எடுத்த நேரத்துல இருந்துதான் படுக்கை நேரம் புதுசா ஆரம்பிக்கும். இது தெரியாம "காலையிலருந்து படுத்திருக்காரே, இன்னுமா"ன்னு சண்டைக்கு வர்றவங்க நிறைய பேரு. அதனால ஷீத் எப்ப எடுத்தாங்கன்னு கேட்டு அந்த நேரத்தை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க. ஷீத் உள்ள இருக்குற வரைக்கும் கொஞ்சம் கூட சலுகை கிடையாது, கீழ நான் சொல்லப் போற தலைகாணி, திருப்புறது எல்லாம் ஷீத் எடுத்து கட்டு போட்ட அப்புறம்தான், அதுவும் சிஸ்டரைக் கேட்டுட்டுதான்.

படுக்க வெக்கிறது

ஹார்பர்ல லோடு ஏத்துற வேலை பார்க்குற ஒரு அண்ணன், நல்ல உடம்பு, மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு ஏற்கனவே தேஞ்சவரு. ஷீத் எடுத்து கொஞ்ச நேரத்துலயே கூப்பிட்டாரு, "இன்னா சிஸ்டர், குத்துன எடம் வலிக்கவே இல்ல, இடுப்புதான் உயிர் போவுது"ன்னாரு. பக்கத்துல அவர் வீட்டுக்காரம்மா, "யோவ் சும்மா படுய்யா, டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு இல்ல"ன்னு அதட்டுறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். வந்து படுக்குற பேஷண்ட்டுங்க அதிகமா சொல்ற கஷ்டமே இந்த முதுகு வலிதான், ஏன்னா கால் நீட்டி மல்லாந்து அசையாம படுத்தா இடுப்புக்குக் கீழ இருக்குற அந்தக் குழி தாங்கல் இல்லாம தொங்கிட்டு நிக்கும், அங்க தசை இறுகிக்கிட்டே போகும்.

அதுக்கு முதல் வைத்தியம் தலைமாட்டை ஏத்துறது. சிஸ்டர் சரின்னு சொன்னதும் கட்டில் கால்மாட்டுல இருக்குற ஹேண்டிலை சுத்தி தலைப்பக்கத்தை 30 டிகிரி வரைக்கும் தூக்கலாம், அதாவது நேரா நிமிர்ந்து உக்காருறதுல மூணுல ஒரு பங்கு. மெதுவா சுத்துங்க, பேஷண்ட் தன் பலத்துல எழும்பக் கூடாது, கட்டில்தான் அவரைத் தூக்கணும். தலைமாட்டை இப்படி ஏத்தி வெச்சும் அப்பப்ப பக்கம் திருப்பியும் பார்த்த ஆராய்ச்சிகள்ல முதுகு வலி குறைஞ்சிருக்கு, ரத்தக் கசிவு கூடல, அதனால பயப்பட வேணாம். ஹேண்டில் இல்லாத கட்டில்னா ரெண்டு தலைகாணியை தோளுக்குக் கீழ இருந்து சரிவா வெக்கணும், கழுத்துக்கு மட்டும் வெச்சா தாடை நெஞ்சுல முட்டிக்கிட்டு மூச்சே சரியா வராது.

அடுத்தது அந்த இடுப்புக் குழி. ஒரு டர்க்கி டவலை நீளவாக்குல ரெண்டா மடிச்சு, இறுக்கமில்லாம சுருட்டுங்க, உங்க மணிக்கட்டு கனத்துக்கு வந்தா போதும். பேஷண்ட்டை இடுப்பைத் தூக்கச் சொல்லாதீங்க. குத்தாத பக்கமா நின்னு, ஒரு கையை விரிச்சு மெத்தையை கீழ அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால டவலைத் தள்ளினா அதுவே வழுக்கிட்டு உள்ள போயிடும். போனதும் கேளுங்க, "தாங்குதா, தள்ளுதா"ன்னு. தள்ளுதுன்னா கனம் ஜாஸ்தி, உருவி ஒரு சுத்து பிரிச்சிட்டு திரும்ப வையுங்க. தாங்குதுன்னா அந்த மூஞ்சியிலயே தெரியும். அப்படியே விட்டுடாம ஒரு 20 நிமிஷம் கழிச்சு உருவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு திரும்ப வைங்க, ஒரே இடத்துல இருந்தா அதுவும் உறுத்த ஆரம்பிச்சிடும். டவல் இல்லன்னா பழைய காட்டன் புடவையை மடிச்சு வெச்சா இன்னும் மெத்துன்னு இருக்கும்.

நல்ல காலை மடக்கலாம். இதை நிறைய பேர் தெரிஞ்சுக்காமலே ரெண்டு காலையும் நீட்டி வெச்சுக்கிட்டு கஷ்டப்படுறாங்க. குத்தாத பக்கத்து முட்டியை மடக்கி பாதத்தை மெத்தையில ஊனினாலே இடுப்பு இறுக்கம் பாதி விட்டுடும், அந்த முட்டிக்குக் கீழ ஒரு தலைகாணியும் கொடுக்கலாம். குத்துன பக்கத்து முட்டிக்குக் கீழ மட்டும் எதையும் வெக்காதீங்க, வெச்சா முட்டியும் இடுப்பும் தானா மடங்கும். அந்தக் கால்ல குதிகால் மெத்தையில அழுந்தி எரிச்சல் எடுத்தா, கணுக்காலுக்கு மேல சதைக்குக் கீழ மெல்லிசா ஒரு துணி மடிச்சு வைங்க, குதிகால் லேசா விடுபட்டாப் போதும். சர்க்கரை உள்ளவங்களுக்கு இது கட்டாயம், அவங்களுக்கு உணர்ச்சி கம்மியா இருக்கிறதால குதிகால் புண்ணாகுறதே தெரியாது. பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுறது, விரலை மடக்கி நீட்டுறது, ரெண்டு கால்லயும் தாராளமா செய்யலாம், ரத்த ஓட்டத்துக்கு நல்லதுதான், இடுப்பு அசையப் போறதில்ல.

பக்கவாட்டுல திருப்புறதுக்கு சிஸ்டர் வேணும், தனியா செய்யாதீங்க. ரெண்டு பேர் நின்னு தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்துல ஒண்ணா திருப்பி, குத்துன கால் நீட்டினது நீட்டினபடியே இருக்க, முதுகுக்குப் பின்னாடி தலைகாணி முட்டுக் கொடுப்பாங்க, ரெண்டு காலுக்கும் நடுவுல இன்னொண்ணு. முழுசா திரும்ப வேணாம், முதுகு மெத்தையை விட்டு கொஞ்சம் விடுபட்டாலே பெரிய நிம்மதி. திருப்பினப்ப முதுகுல வேர்வை ஊறி துணி ஒட்டியிருக்கும், சென்னை புழுக்கத்துல சொல்லவே வேணாம், அதை ஈரத்துணியால துடைச்சு, பெட்ஷீட் சுருக்கத்தை இழுத்து விட்டுடுங்க.

சில ஆஸ்பத்திரியில கட்டு மேல மணல் மூட்டை வெப்பாங்க. அது ரத்தக் கசிவைக் குறைக்குதுன்னு நிரூபணம் ஆகல, பேஷண்ட்டுக்கு பாரமாத்தான் இருக்கும்னு இப்ப நிறைய இடத்துல விட்டுட்டாங்க. உங்களுக்கு வெச்சிருந்தாங்கன்னா நீங்களா எடுத்துடாதீங்க, ரொம்ப உறுத்துதுன்னா சிஸ்டர்கிட்ட சொல்லுங்க.

தூக்கம்தான் எனக்கு ரொம்ப கவலை. முழிச்சிருக்குற வரைக்கும் கவனமா இருப்பாங்க, அசந்ததும் பழக்க தோஷத்துல முட்டி மடங்கும், ஒருக்களிச்சு சுருண்டுக்குவாங்க. பேஷண்ட் தூங்குறப்ப நீங்க தூங்காதீங்க, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து அந்த முட்டி மேல உள்ளங்கையை லேசா வெச்சிருங்க. அழுத்த வேணாம், மடக்க வர்றப்ப உங்க கைக்குத் தெரியும், மெதுவா நீட்டி விட்டா தூக்கம் கலையாமலே நீட்டிக்குவாங்க. ராத்திரி ரெண்டு பேர் மாத்தி மாத்தி இருக்கிற மாதிரி வீட்டுல முன்னாடியே பேசி வெச்சிடுங்க.

கொசுவை மறந்துடாதீங்க. கால்ல கடிச்சா கை தானா சொறியப் போகும், சொறிய முதுகைத் தூக்கி காலை மடக்குவாங்க. முட்டிக்குக் கீழ கொசு மருந்து தடவி விடுங்க, இல்லன்னா சாக்ஸ் போட்டு விடுங்க, ஆனா சாக்ஸ் போட்டா பாதத்தை செக் பண்றப்ப கழட்டிப் பார்க்கணும். போன், கண்ணாடி, தண்ணி, எச்சில் துப்ப டப்பா எல்லாம் எட்டிப் பிடிக்கிற தூரத்துல குத்தாத பக்கமா இருக்கட்டும். பார்க்க வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, தலைமாட்டுப் பக்கமா வந்து பேசுங்கன்னு, ஏன்னா நம்ம ஆளுங்க பெரியவங்க யாராவது வந்துட்டா மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்ப்பாங்க, நானே ஓடிப் போய் தோளைப் பிடிச்சு படுக்க வெச்சிருக்கேன்.

இருமல், தும்மல், சிரிப்பு வந்தா உள்ளங்கையை விரிச்சு கட்டு மேல வெச்சு அழுத்திக்கிட்டுதான் இருமணும். பீடி சிகரெட் குடிக்கிறவங்களுக்கு இருமல் வந்துக்கிட்டேதான் இருக்கும், அவங்களுக்கு ஆஞ்சியோவுக்கு முன்னாடியே இதை சொல்லிக் கொடுத்து செஞ்சு பார்க்க வைங்க. வாந்தி வந்தா தலையை மட்டும் பக்கவாட்டுல திருப்பி கிட்னி ட்ரேயை கன்னத்தோட ஒட்டிப் பிடிங்க.

தண்ணி குடிக்கிறதும் ஒண்ணுக்குப் போறதும்

இதை கொஞ்சம் விரிவாவே சொல்லணும், வெக்கப்பட்டு யாரும் பேச மாட்டாங்க, பேசாமலேயே கஷ்டப்படுவாங்க. ஆஞ்சியோவுக்கு உள்ள விட்ட டை, அதாவது எக்ஸ்ரேல ரத்தக் குழாய் தெரியறதுக்கு விடுற மருந்து, கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், அதனாலதான் நிறைய தண்ணி குடிக்கச் சொல்றாங்க. நம்ம அம்மாங்க என்ன பண்றாங்க, பெட் பேன் வெக்கணுமேன்னு கூச்சத்துல தண்ணியே குடிக்காம உதட்டை நனைச்சிட்டு வெச்சிடுறாங்க. கிட்னி ஏற்கனவே பலவீனமா இருக்குற சர்க்கரைக்காரங்களுக்கு இது ரொம்ப கெடுதல். அதே நேரத்துல இதயம் வீக்கா இருக்கு, மூச்சு வாங்குது, தண்ணி அளவா குடிங்கன்னு சொன்னவங்களுக்கு எவ்ளோ கொடுக்கணும்னு டாக்டர்கிட்டயே கேளுங்க. இளநீரும் அப்படித்தான், கிட்னி பிரச்சனை உள்ளவங்களுக்கு கேக்காம கொடுக்காதீங்க, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி.

குடிக்கிறதுக்கு வளையுற ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்கங்க. படுத்தபடி தம்ளர்ல குடிக்கப் பார்த்தா தலையைத் தூக்குவாங்க, புரையும் ஏறும். சாப்பாடும் தலைமாட்டை ஏத்தி, முகத்தை உங்க பக்கமா திருப்பி, சின்னச் சின்ன வாயா ஊட்டி விடுங்க. இட்லியோ ரசம் சாதமோ போதும், காலையிலருந்து பட்டினின்னு பாவம் பார்த்து பிரியாணி கொண்டு வராதீங்க, வாந்தியும் வயிறு உப்பசமும் வந்தா தம் கட்டுறதுல போய்தான் முடியும். சர்க்கரைக்காரங்க பட்டினியா இருந்ததால சுகர் இறங்கியிருக்கலாம், வேர்த்து கை நடுங்குதுன்னா உடனே சொல்லுங்க.

ஆம்பளைங்களுக்கு யூரின் கேன். படுத்துக்கிட்டு வராதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, வராதது சகஜம்தான், வாழ்நாள் பூரா நின்னுக்கிட்டே போனவங்க. திரையை இழுத்து விட்டு சொந்தக்காரங்களை வெளிய அனுப்புங்க, தலைமாட்டை ஏத்தி வைங்க, பக்கத்துல குழாய் இருந்தா திறந்து விடுங்க, தண்ணி சத்தத்துல வரும். பொம்பளைங்களுக்கு பெட் பேன் வெக்கிறப்ப இடுப்பைத் தூக்கச் சொல்லவே சொல்லாதீங்க. ஆயாம்மாவையோ சிஸ்டரையோ கூப்பிட்டு, உடம்பை ஒண்ணா பக்கவாட்டுல திருப்பி, பேனை பின்னாடி ஒட்டி வெச்சுப் பிடிச்சுக்கிட்டு, பேனோட சேர்த்து மல்லாத்தணும். ஒரு பக்கம் தட்டையா இருக்குற பேன் கிடைச்சா அதைக் கேட்டு வாங்குங்க, இடுப்பு அவ்ளோ உயர வேண்டியதில்ல. ஸ்டீல் பேன்னா உக்கார்ற விளிம்பை வெந்நீர்ல நனைச்சுத் துடைச்சிட்டு வைங்க, சில்லுனு பட்டா உடம்பு தூக்கிப் போடும். கூச்சம் தாங்கலன்னா டயாப்பர் கட்டி விடுறதுல தப்பே இல்ல, ஆனா அதோட விளிம்பு கட்டை நனைக்காம, கட்டை மறைக்காம இருக்கணும்.

எவ்ளோ முயற்சி பண்ணியும் வரல, அடிவயிறு கல்லா இருக்கு, முதுகு வலி கூடுதுன்னா அடக்கிக்கிட்டு இருக்காதீங்க, சிஸ்டர்கிட்ட சொன்னா டியூப் போட்டு எடுத்து விடுவாங்க. முட்டிக்கிட்டு நிக்குற மூத்திரம் முதுகு வலியையும் பிரஷரையும் சேர்த்து ஏத்தும்.

வலி மாத்திரையை நீங்களா கடையில வாங்கிக் கொடுக்காதீங்க. மூட்டு வலிக்கு வீட்டுல வெச்சிருக்குற டைக்ளோஃபினாக், ப்ரூஃபென் வகையறா எல்லாம் கிட்னிக்கும் ஆகாது, ரத்தக் கசிவுக்கும் ஆகாது. வார்டுல கேட்டா பாராசிட்டமால் மாதிரி ஒத்துக்குறது கொடுப்பாங்க. தைலம் எதையும் கட்டு பக்கத்துல கொண்டு போகாதீங்க.

உங்க கண்ணும் கையும்

வார்டுல ஒரு சிஸ்டர் பல பெட்டைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால பக்கத்துலயே இருக்குற உங்க கண்ணு எங்களுக்கு பெரிய உதவி. போர்வையை கட்டு மேல போர்த்தி மூடாதீங்க, கட்டு வெளிய தெரியணும், லுங்கியோ நைட்டியோ அந்த இடத்துல விலக்கி ஒரு மெல்லிசு துணி மட்டும் போட்டு வைங்க. அரை மணிக்கு ஒரு தடவை கட்டைப் பாருங்க, கட்டுக்குக் கீழ தொடையோட பின்பக்கமும் கையை விட்டுப் பாருங்க, ஏன்னா ரத்தம் முன்னாடி தெரியாம பின்னாடி வழிஞ்சு மெத்தையில தேங்கும். ரெண்டு பாதத்தையும் ஒரே நேரத்துல ரெண்டு கையால தொட்டுப் பாருங்க, சூடு ஒரே அளவா இருக்கணும்.

கட்டுக்கிட்ட சூடா ஈரமா இருக்குன்னு பேஷண்ட் சொன்னாலோ, கட்டைச் சுத்தி வீங்கி கெட்டியாகிட்டே போனாலோ, குத்துன பக்கத்து பாதம் மட்டும் சில்லுனு வெளிறிப் போனாலோ, மரத்துப் போனாலோ அந்த நிமிஷமே குரல் கொடுங்க. முதுகு வலியிலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. படுத்த படுக்கையால வர்ற வலி டவல் வெச்சா, காலை மடக்கினா குறையும். எது பண்ணியும் குறையாம விலாப் பக்கமோ அடிவயித்துலயோ வலி ஏறிக்கிட்டே போகுது, கூடவே வேர்க்குது, தலை சுத்துது, மூஞ்சி வெளுக்குதுன்னா உள்பக்கமா ரத்தம் கசியலாம், வெளிய ஒரு சொட்டு கூட தெரியாது. "படுத்தே இருக்காரு, அதான் வலி"ன்னு சமாதானம் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. நெஞ்சு வலி, பேச்சு குழறல், வாய் கோணல் எது வந்தாலும் அதே அவசரம்தான்.

எழுந்திருக்குற நேரம் வந்ததும் அவசரப்படாதீங்க. முதல்ல தலைமாட்டை நல்லா ஏத்தி கொஞ்ச நேரம், அப்புறம் காலைத் தொங்கப் போட்டு உக்கார வெச்சு ஒரு 5 நிமிஷம், கட்டைப் பார்த்துட்டு, சிஸ்டர் பக்கத்துல நிக்க எழுந்து நிக்கட்டும். முதல் நடை பாத்ரூமுக்குத்தான் இருக்கும், உள்ள தாழ்ப்பாள் போட விடாதீங்க, நீங்க கதவுக்கு வெளியவே நில்லுங்க.

கையில பண்ணியிருந்தா இவ்ளோ பாடு இல்ல, உக்காரலாம், நடக்கலாம். மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்றதை 1989ல கனடாவுல காம்போன்னு ஒரு டாக்டர் வெளியிட்ட அப்புறம் பரவினதுதான், இப்ப முடிஞ்ச வரைக்கும் அதைத்தான் முதல்ல பார்க்குறாங்க, கை ரத்தக் குழாய் ரொம்ப மெல்லிசா இருந்தாலோ சுருங்கிக்கிட்டாலோ தொடைக்குப் போறாங்க. கையில கட்டியிருக்குற காத்துப் பட்டையை நீங்க தொடாதீங்க, காத்தை கொஞ்சம் கொஞ்சமா அவங்களே இறக்குவாங்க. அந்தக் கையை ஊனி எழுந்திருக்கக் கூடாது, மணிக்கட்டை மடக்கக் கூடாது, ரெண்டு நாளைக்கு அந்தக் கையால அடிபம்பு அடிக்கிறது, துணி பிழியறது, குடம் தூக்குறது வேணாம்.

வீட்டுக்குப் போன அப்புறம்

ஆஸ்பத்திரியில அவ்ளோ கவனமா இருந்துட்டு வீட்டுல கோட்டை விடுறது எங்கன்னா, இந்தியன் டாய்லெட்லதான். குத்த வெச்சு உக்காந்தா இடுப்பு முழுசா மடங்கும், அதோட முக்கவும் செய்வாங்க. சில நாளைக்கு வெஸ்டர்ன் இருக்குற வீட்டுல தங்க வைங்க, முடியலன்னா சர்ஜிக்கல் கடையில கமோட் சேர் கிடைக்கும், அதை டாய்லெட் மேல போட்டுக்கலாம். மலச்சிக்கல் இருந்தா முக்க விடாம டாக்டர்கிட்ட மருந்து கேளுங்க. அருவாமனையில உக்காந்து மீன் ஆயறது, தரையில சம்மணம் போட்டு சாப்பிடறது, குனிஞ்சு பெருக்கறது எல்லாம் இந்தக் கணக்குலதான் வரும். ஒரு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல தூக்க வேணாம், பிளாஸ்டிக் குடத்துல நிறைய தண்ணி பிடிச்சாலே 12, 15 கிலோ வந்துடும், லாரி தண்ணி வர்ற நாள்ல இதை வேற யாராவதுதான் பார்த்துக்கணும்.

ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி, நாலாவது மாடின்னா ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது குத்துன கால் முதல்ல, ஒரு கையால இடுக்கை அழுத்திக்கிட்டு, ஒவ்வொரு மாடிக்கும் நின்னு நின்னு. ஏறிட்டா ரெண்டு நாளைக்கு இறங்க வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப ஷேர் ஆட்டோவுல நெருக்கியடிச்சு உக்கார வெக்காதீங்க, காரோ தனி ஆட்டோவோ பிடிச்சு காலை நீட்டி சாஞ்சு உக்காரட்டும், ஸ்பீடு பிரேக்கர்ல கையை கட்டு மேல வெச்சு அழுத்திக்கட்டும். பைக்கை கிக்கர் உதைக்கிறது, கடலுக்குப் போறது, போட்ல ஏறி வலை இழுக்கிறது எல்லாம் டாக்டர் சரின்னு சொன்ன அப்புறம்தான். மறுநாள் கட்டைப் பிரிச்சிட்டு அவங்க சொன்னபடி தண்ணி ஊத்திக் குளிக்கலாம், ஓட்டை ஆறுற வரைக்கும் கடல்லயோ தொட்டியிலயோ முங்க வேணாம்.

தொடையில கருநீலமா பரவி அப்புறம் பச்சை மஞ்சளா மாறி முட்டி வரைக்கும் இறங்குறதைப் பார்த்து பயந்து ஓடி வருவாங்க, அது உள்ள கசிஞ்ச பழைய ரத்தம் இறங்குறது, ரெண்டு வாரம் போலயும் இருக்கலாம். பட்டாணி அளவு சின்ன கட்டியும் சகஜம். கட்டி பெருசாகிட்டே போனாலோ, தொட்டா துடிச்சாலோ, சீழ், ஜுரம் வந்தாலோ காட்டியே ஆகணும், ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பாங்க.

வீட்டுல ரத்தம் வந்துடுச்சுன்னா உடனே தரையில மல்லாக்க படுக்க வெச்சு, சுத்தமான துணியை வெச்சு, தோல்ல தெரியுற ஓட்டையையும் அதுக்கு ஒரு விரக்கடை மேலயும் சேர்த்து உங்க உடம்பு பலத்தை இறக்கி அழுத்துங்க, ஏன்னா ரத்தக் குழாய்ல இருக்குற ஓட்டை தோல் ஓட்டைக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும். நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க, 10 நிமிஷம் விடாம பிடிங்க, இன்னொருத்தர் அதுக்குள்ள 108க்கு போன் போடட்டும். பீச்சி அடிச்சாலோ வீக்கம் திடீர்னு ஏறினாலோ பத்து நிமிஷமெல்லாம் பார்க்க வேணாம், அழுத்திக்கிட்டே உடனே 108. பைக்ல நடுவுல உக்கார வெச்சு எண்ணூர் ஹை ரோட்ல கன்டெய்னர் லாரிங்க நடுவுல பூந்து போறதெல்லாம் செய்யவே செய்யாதீங்க, பைக்ல உக்காந்தா இடுப்பு மடங்கும், அழுத்திப் பிடிக்கவும் ஆள் இருக்காது.

ரத்தம் கட்டிடுச்சேன்னு பயந்துக்கிட்டு ரத்தம் உறையாம இருக்க கொடுத்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அதை நிறுத்தினா ஸ்டென்ட்டே அடைச்சுக்கும். பல் புடுங்கணும்னாலும் ஸ்டென்ட் வெச்ச டாக்டரைக் கேட்டுட்டுதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவங்க அதை எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேர் போன்லயாவது வெச்சிருங்க, 108ல வர்றவங்க முதல்ல கேக்குறது என்ன பண்ணாங்க, எந்தப் பக்கம் குத்தினாங்க, என்ன மாத்திரை ஓடுதுன்னுதான்.